நெய்வேலிக் கரியிலிருந்து கரிசல் வேருக்கு

புரட்டாசி பிறக்கும்போது சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள மானாவாரிக் கரிசல் உழவு முடிந்து மழைக்குக் காத்திருக்கும். குருவிகுளம், மேலநீலிதநல்லூர் பக்கத்துச் சம்சாரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிற காலம் அது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் விதை வாங்கும்போது 200 கிராம் எடையுள்ள சின்னப் பொட்டலங்களும் கிடைக்கும். மேலே ரைசோபியம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே ஈரப்பதமான கறுப்புத் தூள். யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. அதனாலேயே அதை அக்கறையில்லாமல் கையாளுகிறோம். வெயிலில் நிற்கும் வண்டியிலேயே விட்டுவிடுகிறோம்.

அந்தத் தூளின் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. அப்படியானால் ஒரு பொட்டலத்தில் 1,000 கோடி. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கும் மரபணுக்கள் அவை ஒவ்வொன்றிலும் இருக்கின்றன. ஆனாலும் பொட்டலத்துக்குள் இருக்கிறவரை அவற்றில் ஒன்றுகூட நைட்ரஜனைத் தொடுவதில்லை. மரபணு கையில் இருந்தால் மட்டும் போதாது. அது படிக்கப்பட வேண்டும். எதைப் படிப்பது, எப்போது படிப்பது என்று தீர்மானிப்பவை டி.என்.ஏ.யில் வந்து ஒட்டிக்கொள்ளும் சில புரதங்கள். ஒரு பாக்டீரியா ஆய்வகத் தட்டிலிருந்து புறப்பட்டு உளுந்து வேருக்குள் குடியேறும் வரை, வழியின் ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தப் புரதங்கள்தான் அதை நடத்துகின்றன.

புறப்பாடு

பயணம் தொடங்கும் இடமும் ஒரு வேர்தான். செழித்து வளர்ந்த பயறு வயலில் பூக்கும் பருவத்துச் செடி ஒன்றை மண் சிதறாமல் பெயர்த்தெடுப்பார்கள். வேரில் மணிமணியாக ஒட்டியிருக்கும் முடிச்சுகளைக் கழுவி, மேல்தோலைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்து, நசுக்கி, அந்தச் சாற்றை ஈஸ்ட் சாறும் மானிட்டால் சர்க்கரையும் கலந்த அகார் தட்டில் தீற்றுவார்கள். தட்டில் காங்கோ சிவப்புச் சாயம் சேர்த்திருந்தால் வேறு பல பாக்டீரியாக்கள் அதை உறிஞ்சிச் சிவக்கும்; ரைசோபியம் வெளுத்த, பிசுபிசுத்த துளிகளாக நிற்கும். உளுந்து, பாசிப்பயறு, தட்டப்பயறு வேர்களில் வாழ்வது பிராடிரைசோபியம் என்ற நிதானமான வகை. தட்டில் கண்ணுக்குத் தெரியவே அதற்கு ஐந்தாறு நாள் ஆகும்.

வேர்முடிச்சைச் செடிக்கு வந்த நோய் என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. பயறு வகைச் செடிகள் காற்றின் நைட்ரஜனை எடுத்துக்கொள்வது இந்த முடிச்சுகளால்தான் என்று ஜெர்மனியில் ஹெர்மன் ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். இரண்டே ஆண்டில், 1888இல், ஹாலந்தின் மார்ட்டினஸ் பெய்யரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். இந்தியாவில் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் என்.வி. ஜோஷி 1920இல் இந்த ஆய்வைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறை பயறுக்கேற்ற இனங்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் வேலையைச் செய்துவருகிறது.

தேர்ந்தெடுத்த இனம் அடுத்துப் போவது நொதிகலனுக்கு. அங்கே சர்க்கரைக்குக் குறைவில்லை. காற்று குமிழி குமிழியாக வந்துகொண்டிருக்கும். பாக்டீரியா தின்று பெருகும் வேலையை மட்டும் பார்க்கும். நைட்ரஜன் பிடிக்கும் மரபணுக்கள் வாய் திறப்பதில்லை, திறக்கவும் கூடாது. நைட்ரஜன் மூலக்கூறு ஒன்றை அம்மோனியாவாக மாற்ற, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் 16 செலவாகும், அந்த வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதியோ ஆக்சிஜன் பட்டாலே கெட்டுப்போகும். தேவையில்லாத இடத்தில் அதைச் செய்து வைப்பது உயிரைக் கரைக்கிற வீண்செலவு.

இந்தச் சிக்கனம் எப்படி நடக்கிறது? பிராடிரைசோபியத்தின் சோயா இனம் ஒன்றின் மரபுத்தொகுதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் முழுதும் படித்து முடித்தார்கள். ஒற்றை வளையமான டி.என்.ஏ., ஏறக்குறைய 91 லட்சம் எழுத்துகள், 8,300க்கும் மேற்பட்ட மரபணுக்கள். நம் குடலில் வாழும் ஈ.கோலையின் தொகுதியைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு. மரபணுவைப் படித்து நகலெடுப்பது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி. மரபணுவுக்கோ மரபணுக் கூட்டத்துக்கோ முன்னால் அந்த நொதி வந்து உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை ஒரு புரதம் அடைத்துக்கொண்டால் படிப்பு நிற்கும். பக்கத்தில் நின்று நொதியை இழுத்துக் கொடுத்தால் படிப்பு ஓடும். அடைக்கும் புரதம் ஒடுக்கி, ஓட்டிவிடும் புரதம் தூண்டி.

1961இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் ஈ.கோலை பாலின் சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது என்று ஆராய்ந்து இந்தக் கருத்தை எழுதியபோது, ஒடுக்கி என்ற பொருளை யாரும் கண்ணால் கண்டதில்லை. அது புரதம் என்பதே உறுதியாகவில்லை. ஒரு செல்லுக்குள் ஏறத்தாழ பத்து மூலக்கூறுகள் மட்டுமே இருக்கும் பொருளைப் பிடிப்பது அவ்வளவு கடினம். ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் 1966இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள்; அது புரதம்தான்.

அந்தப் புரதம் லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைப் பிரிக்காமலே அதைப் படிக்கலாம். சுருளின் அகன்ற பள்ளத்தில் எழுத்துகளின் ஓரங்கள் வெளியே தெரிகின்றன; ஒவ்வொரு எழுத்து இணையிலும் ஹைட்ரஜன் பிணைப்புக்கான புள்ளிகள் தனித்தனி அமைப்பில் இருக்கின்றன. புரதத்தின் ஒரு குட்டிச் சுருள் அந்தப் பள்ளத்தில் நுழைந்து அவற்றைத் தொட்டுப் பார்க்கும். இருட்டில் கொத்துச் சாவியை எடுத்து, பற்களை விரலால் தடவியே வீட்டுச் சாவியைக் கண்டுகொள்வது போன்ற வேலை இது. 1981இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இப்படிப்பட்ட இரு புரதங்களின் வடிவத்தைப் படிகங்கள் மூலம் கண்டறிந்தன. இரண்டிலும் ஒரே அமைப்பு: ஒரு சுருள், ஒரு திருப்பம், மறுபடி ஒரு சுருள். இரண்டாம் சுருள்தான் பள்ளத்தில் இறங்குவது. பாக்டீரியா உலகம் முழுவதும் இந்த அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. உளுந்து வேருக்குப் போகும் நம் பாக்டீரியாவிலும் அதுதான்.

கரித்தூளில் ஒரு காத்திருப்பு

நொதிகலனில் பெருகிய பாக்டீரியாவைச் சுமந்துபோக ஒரு பொருள் வேண்டும். அது ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும், நஞ்சில்லாமல் இருக்க வேண்டும், மலிவாகக் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இவை மூன்றும் பொருந்திய பொருள், நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி. அதை மாவாகப் பொடித்து, புளிப்பு போகக் கால்சியம் கார்பனேட் கலந்து, நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கி, பாக்டீரியாக் கரைசலை ஊற்றிப் பிசைந்து பொட்டலம் கட்டுகிறார்கள். இப்போது திரவ வடிவிலும் உயிர் உரம் வருகிறது.

பொட்டலத்துக்குள் வாழ்வு நெருக்கடியானது. உணவு குறையும், ஈரம் வற்றும். தென்காசி மாவட்டத்துக்குள் லாரியில் வரும்போதே வெப்பம் ஏறும். வெப்பம் ஏறினால் செல்லுக்குள் புரதங்கள் மடிப்புக் கலைந்து சீர்குலையும். அவற்றை மறுபடி மடித்துச் சரிசெய்ய உதவும் புரதங்களின் மரபணுக்களில் சிலவற்றைச் சாதாரண நாளில் ஒரு ஒடுக்கி அடைத்து வைத்திருக்கும். அதன் பெயர் எச்.ஆர்.சி.-ஏ. வெப்பத்தில் அந்த ஒடுக்கியே தன் வடிவத்தை இழந்து டி.என்.ஏ.யிலிருந்து விலகிவிடும். அது விலகியதும் மீட்புப் புரதங்கள் உருவாகும். ஆபத்தை உணரும் கருவியும் ஆபத்துக்குப் பதில் சொல்லும் விசையும் ஒரே மூலக்கூறு.

ஆனால் இந்தத் தற்காப்புக்கும் எல்லை உண்டு. உச்சி வெயிலில் சூடேறும் இரும்புப் பெட்டிக்குள் எந்த ஒடுக்கி விலகியும் பயனில்லை. பொட்டலத்தில் காலாவதி நாள் அச்சிடுவதும், நிழலில் குளிர்ச்சியாக வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். காலம் கடந்த பொட்டலத்தில் மிஞ்சுவது கரி மட்டுமே.

விதை நேர்த்தி நாள் வருகிறது. ஒரு ஹெக்டேருக்குத் தேவையான உளுந்து விதைக்கு 3 பொட்டலம், அதாவது 600 கிராம் ரைசோபியம். ஆறிய அரிசிக் கஞ்சியில் அதைக் குழைத்து, விதையின் மேல் சீராகப் படியும்படி புரட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். கஞ்சி பசையாகவும் இருக்கும், பாக்டீரியாவின்மேல் ஈரத்தையும் காக்கும். பூஞ்சாணக் கொல்லி கலந்த விதையென்றால் அதற்கும் ரைசோபியத்துக்கும் இடையில் 24 மணி நேரமாவது விட வேண்டும். விதை நேர்த்தி செய்ய முடியாதவர்கள் 10 பொட்டலத்தை 25 கிலோ தொழுவுரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து தூவலாம்.

வேரின் அழைப்பு

மழை விழுந்து விதை முளைக்கிறது. இளவேர் கரிசலுக்குள் இறங்கும்போது தன் நுனியைச் சுற்றிச் சில சேர்மங்களைக் கசியவிடுகிறது. ஃபிளேவனாய்டுகள் என்ற அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் பூக்களின் பல நிறங்களும். பாக்டீரியாவுக்கு வேர் அனுப்பும் செய்தி இவற்றில் இருக்கிறது என்பது 1986இல் தெரியவந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஷாரன் லாங் குழு குதிரைமசால் செடியிலிருந்து லூட்டியோலின் என்ற ஃபிளேவனாய்டைப் பிரித்து, அது பட்டதும் பாக்டீரியாவின் முடிச்சு மரபணுக்கள் விழிப்பதைக் காட்டியது. சோயா வேர் அனுப்புவது ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும் என்பது அடுத்த ஆண்டே வெளிவந்தது.

அந்தச் செய்தியைக் கேட்கும் காது நாட்-டி என்ற புரதம். சுமார் 300 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் ஒரு முனையில் சுருள்-திருப்பம்-சுருள் அமைப்பு டி.என்.ஏ.யைப் பிடித்துக்கொள்ளும், மறுபகுதி ஃபிளேவனாய்டை உணரும். முடிச்சு மரபணுக்களின் முன்னால் ஏறத்தாழ 47 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசை மாறாமல் வருவதை ஹங்கேரியின் ஆதாம் கோந்தொரோசி குழு அதே 1986இல் கண்டது. அதற்கு நாட் பெட்டி என்று பெயர். நாட்-டி உட்காரும் இடம் அதுதான்.

நாட்-டி ஃபிளேவனாய்டு வருவதற்கு முன்பே நாட் பெட்டியில் உட்கார்ந்திருக்கும், டி.என்.ஏ.யைச் சற்று வளைத்தபடி. வேரின் சேர்மம் வந்து தொட்டதும் அதன் நிலை மாறுகிறது, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் படிக்கத் தொடங்குகிறது. வேறு செடியின் ஃபிளேவனாய்டு வந்தால் பெரும்பாலும் அது அசையாது. எந்த ரைசோபியம் எந்தப் பயறோடு சேரும் என்ற பொருத்தத்தில் ஒரு பெரும் பங்கு இந்த ஒற்றைப் புரதத்தின் தேர்வுதான். நிலக்கடலைக்கு ஒரு பொட்டலம், சோயாவுக்கு வேறு பொட்டலம், உளுந்துக்கு இன்னொன்று என்று பிரித்துத் தயாரிப்பதன் உள்காரணமும் இதில் அடங்கியிருக்கிறது.

படிக்கப்பட்ட மரபணுக்கள் பதில் செய்தியைத் தயாரிக்கின்றன. கைட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துண்டு ஒன்று, அதில் நான்கோ ஐந்தோ கண்ணிகள், ஒரு முனையில் கொழுப்பு வால். 1990இல் பிரான்சின் துலூஸ் நகரத்து ஆய்வாளர்கள் இதன் அமைப்பை வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தாலும் வேர்த்தூவிக்கு அது தெரிந்துவிடும். தூவி வளைந்து பாக்டீரியாவைச் சுற்றி அணைக்கும். அந்த மடிப்பிலிருந்து ஒரு குழாய் வேருக்குள் நீளும். பாக்டீரியா அதன் வழியே உள்ளே போகும். வேரின் உள்செல்கள் அதற்கு முன்னாலேயே பிளந்து பெருகி இடம் தயார் செய்யத் தொடங்கியிருக்கும். நுண்ணுயிரைக் கண்டாலே எதிர்க்கும் செடி இந்த ஒரு விருந்தாளிக்குக் கதவு திறக்கிறது. எண்ணி எண்ணி வியக்க வேண்டிய விஷயம் இது.

ஆக்சிஜன் குறையும் இடம்

முடிச்சுக்குள் பாக்டீரியா செடியின் சவ்வில் பொதியப்பட்டுச் செல்லுக்குள்ளேயே வாழத் தொடங்குகிறது. செடி சர்க்கரையிலிருந்து செய்த கரிம அமிலங்களை ஊட்டுகிறது. அதோடு லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதத்தையும் உருவாக்குகிறது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம் அது. ஆக்சிஜனைப் பிடித்து அளந்து அளந்து கொடுக்கும். முடிச்சுக்குள் கட்டில்லாமல் திரியும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத நிலைக்கு இறங்குகிறது.

இந்த மாற்றத்தைப் பாக்டீரியா உணர்வது ஃபிக்ஸ்-எல் என்ற புரதத்தால். ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீம் என்ற பகுதி அதற்குள்ளும் இருக்கிறது என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். ஹீமில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும்போது ஃபிக்ஸ்-எல் சும்மா இருக்கும். ஆக்சிஜன் விலகியதும் தன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, அதை ஃபிக்ஸ்-ஜே என்ற கூட்டாளிக்குக் கைமாற்றும். பாஸ்பேட் பெற்ற ஃபிக்ஸ்-ஜே டி.என்.ஏ.யில் போய் ஒட்டி அடுத்த தூண்டியை எழுப்பும். அதன் பெயர் ஃபிக்ஸ்-கே2. அதன் ஏவலில், மிகக் குறைந்த ஆக்சிஜனிலும் சுவாசிக்க உதவும் தனிவகை நொதி ஒன்று உருவாகிறது. பாக்டீரியா முதலில் தன் மூச்சுக்கு வழி செய்துகொள்கிறது.

நைட்ரஜனைப் பிடிக்கும் மரபணுக்களைத் திறப்பது நிஃப்-ஏ. பிராடிரைசோபியத்தின் நிஃப்-ஏ ஆக்சிஜன் பட்டால் வேலை செய்யாது என்பதைச் சூரிச்சில் ஹௌக்கே ஹென்னக்கே குழு விரிவாக ஆராய்ந்தது. நிஃப்-ஏ உட்காரும் இடம் மரபணுவின் தொடக்கத்திலிருந்து நூறு எழுத்துகள் அளவு தள்ளி இருக்கிறது. நொதியோ தொடக்கத்தில் சிக்மா 54 என்ற துணைப்புரதத்தோடு வந்து உட்கார்ந்து, டி.என்.ஏ.யைத் திறக்க முடியாமல் நிற்கும். இடையிலுள்ள டி.என்.ஏ. வளைந்து நிஃப்-ஏயை நொதியின் அருகே கொண்டுவர வேண்டும். பல பாக்டீரியாக்களில் இந்த வளைவுக்கென்றே வேறொரு புரதம் நடுவில் ஒட்டிக்கொள்ளும். நிஃப்-ஏ ஏ.டி.பி.யைச் செலவழித்து நொதியைத் தட்டி எழுப்ப, இரட்டைச் சுருள் பிரிந்து படிப்பு தொடங்குகிறது.

நைட்ரஜனேஸ் உருவாகிறது. தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் நடக்கிற வேலை, கரிசல் மண்ணின் சாதாரண வெப்பத்தில் ஒரு மிளகளவு முடிச்சுக்குள் நடக்கிறது. கிடைத்த அம்மோனியாவைப் பாக்டீரியா தனக்கு வைத்துக்கொள்வதில்லை, பெரும்பகுதியைச் செடிக்குக் கொடுத்துவிடுகிறது. மானாவாரி உளுந்துக்கு ஹெக்டேருக்கு அடியுரமாகத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 12.5 கிலோ மட்டுமே பரிந்துரைப்பது இந்தக் கூட்டாளியை நம்பித்தான். மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். அதிக யூரியா போட்ட வயலில் பொட்டலத்துக்குக் கொடுத்த காசும் உழைப்பும் வீணாகின்றன.

இது நடக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். விதைத்து ஒரு மாதம் ஆன செடி ஒன்றை மண்ணோடு தோண்டியெடுத்து, பெரிய முடிச்சை நகத்தால் கீறினால் போதும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் லெக்ஹீமோகுளோபின் இருக்கிறது, நைட்ரஜன் வேலையும் நடக்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது.

திரும்பும் வழி

உளுந்தின் ஆயுள் 65 முதல் 75 நாள். காய் முற்றும்போது செடியின் சர்க்கரையெல்லாம் மணிக்குப் போகிறது. முடிச்சு தளர்கிறது, நிறம் மங்குகிறது, கடைசியில் சிதைகிறது. உள்ளே இருந்தவற்றில் ஒரு பகுதி மறுபடி மண்ணுக்கு வருகிறது. ஆக்சிஜன் ஹீமில் ஒட்டுகிறது, ஃபிக்ஸ்-எல் அடங்குகிறது, நிஃப்-ஏ செயலிழக்கிறது, நைட்ரஜன் மரபணுக்கள் மூடிக்கொள்கின்றன. மண்ணில் தனித்து வாழும் பாக்டீரியாவுக்கு வேண்டிய வேறு மரபணுக்கள் படிக்கப்படுகின்றன. அதே 8,000 சொச்சம் மரபணுக்களை வைத்துக்கொண்டு ஒரே உயிர் இரண்டு வாழ்க்கை வாழ்கிறது.

கோடை முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலில் பிழைத்துக் கிடந்து, அடுத்த பட்டத்துக்கு விதைக்கும் உளுந்தின் வேரைத் தேடிப் போகிறவை இவைதான். பொட்டலத்தில் புதிதாக வரும் இனத்துக்கு இவையே போட்டி. மண்ணில் ஏற்கெனவே வேரூன்றிய பாக்டீரியா, வந்த இனத்தை முந்திக்கொண்டு முடிச்சுகளைப் பிடித்துவிடுவது உலகம் முழுவதும் காணும் சிக்கல். ஆய்வகத்தில் நைட்ரஜனை அதிகம் பிடிக்கும் இனம், வெப்பமும் சுண்ணாம்பும் மிகுந்த இந்தக் கரிசலில் தோற்றுப்போகலாம். அதன் ஒடுக்கிகளும் தூண்டிகளும் வேறொரு மண்ணின் நெருக்கடிகளுக்குப் பழகியவையாக இருந்தால் இங்கே அவை நேரம் தவறி வேலை செய்யும்.

ஆகவே சங்கரன்கோவில் கரிசலுக்கான பொட்டலம் சங்கரன்கோவில் கரிசலின் முடிச்சிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்துக் கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொடுக்கும் சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு மண்ணை மதிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தின் நல்ல வயல்களிலிருந்து முடிச்சுகளைச் சேகரித்து, கோடையில் அதிகம் பிழைக்கும் இனங்களையும் இங்குள்ள உளுந்து ரகங்களின் அழைப்புக்கு விரைந்து பதில் சொல்லும் இனங்களையும் பிரித்தெடுத்து, அவற்றைப் பொட்டலமாக்கித் திருப்பித் தரலாம். அதற்குச் சம்சாரியின் ஒத்துழைப்பும் வேண்டும்: விதைத்த முப்பதாம் நாள் ஒரு செடியைத் தோண்டிப் பார்த்து, முடிச்சு சிவந்திருக்கிறதா என்று ஆய்வாளரிடம் சொன்னால் போதும். அந்தத் தகவல் எந்த நொதிகலனிலும் கிடைக்காது.